கணினி அனுப்ப முன்: வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மடு, வவுனியா வடக்குப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பரந்திருக்கும் அவற்றின் கிளைகளுக்கும்,

வணக்கம்.

வன்னிப் பாடசாலைகளில் இன்று இருக்கும் கணினி அறைகளில் பல உங்கள் காசால் எழும்பியவை. அந்த அறைகளின் பெட்டிகளைக் கழற்றி, தூசி தட்டி, திருத்திக் கொடுப்பவர்கள் நாங்கள். உங்களிடம் எங்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள். அடுத்த தொகுதிக் கணினிகளுக்குக் காசு சேர்க்க வெளிக்கிட முன், அறையில் ஏற்கனவே இருப்பவற்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். "பழசாகிப் போச்சு, ஓடாது" என்று மூலையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஒரு எஸ்.எஸ்.டி.யும் (சுழலாத வேகமான சேமிப்பு வட்டு), தேவைப்பட்டால் இன்னொரு ராம் (நினைவகம்) துண்டும், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் கிடைத்தால் அவை இன்னும் பல வருடம் பிள்ளைகளுக்கு உழைக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு திகதி. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தலை (அப்டேட்) மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் போவதென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் (புரொசெசர்), குறைந்தது 4 ஜி.பி. ராமும், 64 ஜி.பி. இடமும் வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இன் பிற்பகுதியில். நம் அறைகளில் அதிகம் நிற்பவை இரண்டாம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறை வரையான டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. புரோடெஸ்க் வகை அலுவலகப் பெட்டிகள். இரும்பு போல உழைக்கும் அந்தப் பெட்டிகளில் 2017க்கு முந்தியது ஒன்றுகூட இந்தப் பட்டியலுக்குள் வராது. தடையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்ற வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு இற்றைப்படுத்தல் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்பதில்லை.

நீட்டித்த ஆதரவு என்று ஒன்று விற்கிறார்களே என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், கல்விக்கென்று அதை மலிவாகவே வைத்திருக்கிறார்கள்: ஒரு கணினிக்கு முதல் வருடம் 1 டொலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. ஆனால் அது முறையான உரிமம் உள்ள விண்டோஸுக்குத்தான். நம் அறைகளில் எத்தனை பெட்டிகளில் அப்படி ஒரு உரிமம் இருக்கிறது? கடையில் "எல்லாம் போட்டுத் தாறம்" என்று ஏற்றிக் கொடுக்கும் விண்டோஸ் பெரும்பாலும் கிராக் செய்தது. அந்தக் கிராக்கை ஓட்டுவதற்கு முதல் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். காவலை நிறுத்திவிட்டு, யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுத்து ஓட்டுகிறோம். அதே கணினியில்தான் பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலும், ஆசிரியர்களின் அடையாள அட்டை விவரங்களும், சில வேளை வங்கிக் கணக்கு விவரங்களும் இருக்கின்றன. பிறர் உழைப்பைக் களவெடுக்காதே என்று சொல்லிக் கொடுக்கும் இடத்தில் களவெடுத்த மென்பொருளில் பாடம் நடத்துவது எங்களுக்கு மனதுக்கு ஒவ்வாத காரியம். இதை ஒளிக்காமலே சொல்கிறோம்.

லினக்ஸ் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய கருவின் (வன்பொருளை நேரே இயக்கும் அடிப்படை நிரல்) மேல் உலகெங்கும் பலர் சேர்ந்து கட்டியது அது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. எத்தனை பெட்டியில் ஏற்றினாலும் காசில்லை, களவுமில்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனின் அடியில் ஓடுவதும் அதே கருதான். பாடநூலில் "பணிசெயல் முறைமை" என்று படிக்கும் பிள்ளை, விண்டோஸ் தவிர இன்னொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. எங்கள் தெரிவு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. முகப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியப்படாத அமைப்பு. பழைய பெட்டியிலும் இலகுவாக ஓடும். 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் உண்டு. 2 ஜி.பி. ராமில் எழும்பும் என்று சொல்வார்கள், எழும்பும்தான். ஆனால் ஃபயர்ஃபொக்ஸைத் திறந்து மூன்று பக்கம் விரித்தால் மூச்சுத் திணறும். 4 ஜி.பி. இருந்தால் பாடம் நடத்தலாம், 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கோர் 2 டுவோ பெட்டிகூட 4 ஜி.பி.யோடு தட்டச்சுக்கும் நிரலாக்கத்துக்கும் தாராளமாகப் போதும், யூடியூப் காணொளிக்கு மட்டும் திக்கும். பென்டியம் 4, ஆரம்பகால அட்டம் நெட்புக் போன்ற 32 பிட் பெட்டிகளை விட்டுவிடுங்கள். லினக்ஸ் மின்ட் 2020இல் வந்த 20ஆம் பதிப்போடு அவற்றைத் தன் பிரதான வரிசையிலிருந்து கைவிட்டது. இன்னொரு லினக்ஸ் வகையான, 2025இல் வந்த டெபியன் 13ஐயும் அவற்றில் புதிதாக நிறுவ முடியாது.

இனிப் பெட்டிக்குள் போவோம். ஒரு பழைய கணினியின் வேகத்தை ஒரே மாற்றத்தால் தலைகீழாக்குவது எஸ்.எஸ்.டி.தான். செயலி பழசு என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் கணினி காத்திருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்காக. 240 ஜி.பி. அளவில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போதும், 120 இருந்தாலும் சமாளிக்கலாம். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் அதைப் பூட்டும் சட்டகம் கிடைக்காவிட்டால் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் பெட்டியின் சுவரில் ஒட்டிவிடலாம், ஒரு கேடும் வராது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரையே இதில் பூட்டலாம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழித்துவிட வேண்டாம். எந்தப் பெட்டியிலிருந்து, எந்தத் திகதியில் எடுத்தது என்று தாளில் எழுதி ஒட்டி, ஒரு தவணை முழுக்க அலுமாரியில் வையுங்கள். மூன்று வருடத்துக்கு முந்திய வினாத்தாள் ஒன்று வேண்டும் என்று யாராவது கட்டாயம் வருவார்கள்.

ராம் வாங்க முன் பழையதைக் கழற்றி மேலே ஒட்டியிருப்பதை வாசியுங்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டிகளுக்கு டி.டி.ஆர்.3. ஆறாம் தலைமுறைக்குப் பெரும்பாலும் டி.டி.ஆர்.4. இரண்டுக்கும் கீழுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் நுழையாது, நெருக்கினால் தாய்ப்பலகை உடையும். திரை வராமல் "பீப் பீப்" என்று கத்தும் பெட்டியைக் குப்பைக்கு அனுப்ப முன், ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரு பக்கக் கொளுவியும் "டிக்" என்று விழுமட்டும் அழுத்திப் பூட்டிப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதிப் புழுதி யன்னலால் வந்து படியும் அறைகளில் இந்த ஒரு வேலையே பல பெட்டிகளை எழுப்பும். ஊதும்போது செயலி மேலுள்ள விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் தாங்கி தேய்ந்துவிடும். பெட்டியைத் தொட முன் வயரைக் கழற்றி, அதன் வெறும் இரும்பைக் கையால் ஒரு முறை தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள்.

அடுத்தது மணிக்கூட்டுப் பற்றரி. இதை விரிவாகச் சொல்லக் காரணம், வன்னியில் "இன்டர்நெட் வேலை செய்யுதில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் ஒரு பங்கு இந்த நாணயம் அளவான பொருளால் வருவது. தாய்ப்பலகையில் வட்டமாக ஒரு 3 வோல்ட் பற்றரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கணினியின் மணிக்கூட்டை ஓட வைப்பது அது. வீட்டில் கணினியை நிறுத்தினாலும் சுவர்ச் சுவிட்ச் போட்டபடி இருக்கும், பற்றரிக்கு வேலை குறைவு. பாடசாலையில் மணி அடித்ததும் பிரதான சுவிட்சையே நிறுத்துவார்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் இரவு, சனி ஞாயிறு, தவணை விடுமுறை எல்லாம் அந்தப் பற்றரியே மணிக்கூட்டைச் சுமக்கிறது. அது செத்ததும் கணினி எழும்பும்போது திகதி பல வருடம் பின்னால் போய்விடும். உலாவியைத் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று எச்சரிக்கும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை செல்லும் என்றிருக்கிறது. கணினியோ தான் 2012இல் நிற்பதாக நினைத்து, "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே" என்று மறுக்கிறது. லினக்ஸின் இற்றைப்படுத்தலும் அதே காரணத்தால் நின்றுவிடலாம். பயோஸ் என்ற, கணினி எழும்பும்போது முதலில் ஓடும் நிரலின் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். பற்றரியை மாற்றி, பயோஸில் திகதியைச் சரிசெய்தால் எல்லாம் தானாகத் தீரும். மாற்றிய திகதியைப் பெட்டியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பழுதாகிறதோ இல்லையோ, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. 8 ஜி.பி. பென்ட்ரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது வென்டோய் என்ற நிரலைக் கொண்டு மின்ட்டை எழுதிக்கொள்ளுங்கள். கணினியை எழுப்பும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12ஐயும், எச்.பி. என்றால் எஃப்9ஐயும் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும். பென்ட்ரைவைத் தெரிவுசெய்தால் எதையும் நிறுவாமலே மின்ட் திரை வரும். அங்கேயே ஒலி, வைஃபை, திரையின் அளவு மூன்றையும் பாருங்கள். நிறுவல் கருவிக்கு வட்டே தெரியாவிட்டால் பயோஸில் சாட்டா அமைப்பு "ரெயிட்" என்று இருக்கும், அதை "ஏ.எச்.சி.ஐ." ஆக்குங்கள். "எரேஸ் டிஸ்க்" என்ற தெரிவு வட்டு முழுவதையும் அழிக்கும். சி மட்டும்தான் அழியும், டி அப்படியே இருக்கும் என்று நம்பி டி பகுதியில் வைத்த கோப்புகளை இழந்தவர்கள் உண்டு. எஸ்.எஸ்.டி. புதிதாகப் பூட்டி, பழைய வட்டின் வயரைக் கழற்றி வைத்திருந்தால் இந்தப் பயமே இல்லை. நேர வலயத்துக்குக் கொழும்பு.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைக்கலாமா என்று கேட்பார்கள். பாடசாலைக்கு அது வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. பிள்ளை எதில் எழும்பியது என்று தெரியாமல் ஆசிரியர் திண்டாடுவார். மணிக்கூடும் ஐந்தரை மணித்தியாலம் முன்பின் போகும், ஏனென்றால் விண்டோஸ் இலங்கை நேரத்தைப் பெட்டியில் எழுதும், லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதும்.

யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள் சிலவற்றுக்கு ட்ரைவர் (அதை இயக்கும் நிரல்) உடன் வராது. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த ட்ரைவர் வேண்டும் என்று சுற்றிச் சுற்றி நிற்பார்கள். ஒரு அன்ட்ரொயிட் போனை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, போனில் "யூ.எஸ்.பி. டெதரிங்" போட்டால் மின்ட் அதை வலையமைப்பு வயர் என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு "ட்ரைவர் மனேஜர்" பொருத்தமான ட்ரைவரைத் தேடிப் பார்க்கும்.

முதல் பெட்டியை முழுமையாக ஒழுங்குபடுத்திய பின் மற்றவற்றில் திரும்பத் திரும்ப நிறுவத் தேவையில்லை. குளோன்சில்லா என்ற கட்டற்ற கருவியால் அந்த வட்டை அப்படியே படியெடுத்து மற்றப் பெட்டிகளில் இறக்கலாம். இறக்கிய ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் வைக்க மறக்க வேண்டாம். இற்றைப்படுத்தலுக்கு இருபது பெட்டியும் தனித்தனியே 4ஜி ரூட்டரை உறிஞ்சினால் மாதத் தரவு இரண்டு நாளில் தீரும். ஆப்ட் கேஷர் என்.ஜி. என்ற சிறு நிரலை ஆசிரியர் கணினியில் போட்டால் ஒருமுறை இறக்கியதை மற்றப் பத்தொன்பதுக்கும் அதுவே பரிமாறும். மின்ட்டோடு வரும் வார்பினேட்டர், இணையம் இல்லாமலே அறைக்குள் கோப்புகளை அனுப்பும். இணையமில்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற நிரலில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்தால் சிக்னல் கிடைக்காத ஊரிலும் பிள்ளைகள் தேடிப் படிக்கலாம்.

இன்னொரு காரியம். நம் கணினி அறைகளில் பல, பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பூட்டியே கிடக்கின்றன. திறப்பு அதிபரின் லாச்சிக்குள். ஓடாத கணினி ஓடும் கணினியை விடச் சீக்கிரம் கெடும். ஈரப்பதனும் எறும்பும் பல்லி முட்டையும் சேரும். மின்ட்டில் "லொகின் விண்டோ" அமைப்பில் விருந்தினர் கணக்கை அனுமதித்துவிடுங்கள். அதில் உள்ளே போகும் பிள்ளை எதை மாற்றினாலும், எதை இறக்கினாலும், வெளியேறியதும் எல்லாம் துடைத்துப் புதிதாகிவிடும். நிர்வாகக் கடவுச்சொல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். அதற்கு மேலும் பயமென்றால் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் வாரம் ஒரு நிலைப்பதிவு, இரண்டை மட்டும் வைத்திருக்கும்படி. இயங்குதளத்தில் எது உடைந்தாலும் போன வாரத்து நிலைக்குத் திரும்பலாம். பிறகு அந்தத் திறப்பை லாச்சிக்குள் வைத்திருக்கக் காரணம் இல்லை.

பென்ட்ரைவ் வைரஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கொமினிகேஷன் கடையில் அச்சடித்துவிட்டு வந்தால் கோப்புறைகள் காணாமற்போய், அவற்றின் பெயரில் ஓரிரு கிலோபைட் ஷோர்ட்கட் மட்டும் நிற்கும். பிள்ளை எல்லாம் அழிந்துவிட்டது என்று அழும். அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் வைக்கும் அந்த மறைவு அடையாளத்தை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் கணினியில் செருகினால் உண்மையான கோப்புறை அப்படியே தெரியும். அதைப் படியெடுத்துவிட்டு பென்ட்ரைவை ஃபோர்மட் செய்தால் போதும்.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் அதிக மனக்கசப்பு வருகிறது, அதனால் விளங்கச் சொல்கிறோம். நம் பாடசாலைகளில் இருபது வருடத்து வினாத்தாள்களும் கடிதங்களும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் உள்ளே இருப்பது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. "அம்மா" என்று அடித்த சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். பார்த்தவர் உடனே "லினக்ஸ் தமிழைக் குழப்பிப் போட்டுது" என்பார். குழப்பியது லினக்ஸ் அல்ல. புது விண்டோஸிலும் பாமினி இல்லாவிட்டால் அதே கதிதான். பழைய கணினியிலிருந்து பாமினிக் கோப்பைப் படியெடுத்து, மின்ட்டில் அதை இருமுறை சொடுக்கி நிறுவினால் பழைய தாள்கள் அப்படியே திறக்கும்.

ஆனால் புதிதாக அடிப்பதை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அடியுங்கள். தேடினால் கிடைக்கும், போனிலும் தெரியும், மின்னஞ்சலிலும் போகும். விரல் பழக்கம் போய்விடும் என்ற கவலை வேண்டாம். இலங்கைத் தர நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்று ஏற்ற ரெங்கநாதன் விசைப்பலகை, பாமினியில் பழகிய கைக்கு மிக நெருக்கமானது. மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு உதவி நிரலையும் அதன் எம்17என் தொகுதியையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் ரெங்கநாதன், தமிழ்99, ஒலிப்பு முறை எல்லாம் பட்டியலில் வரும்.

மின்ட்டோடு வரும் அலுவலக மென்பொருளான லிபரே ஒஃபிஸில் தட்டச்சுச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதில் ஆங்கில எழுத்துருவும் தமிழ் எழுத்துருவும் தனித்தனி அமைப்பு. பத்தியின் பாணியில் எழுத்துருவையும் அளவையும் மாற்றினாலும் தமிழ் அசையாமல் நிற்கும், மாறியது ஆங்கிலப் பக்கம் மட்டும் என்பதால். மொழி அமைப்பில் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்பதற்குச் சரி போட்டு, அதில் தமிழைத் தெரிவுசெய்து, பாணியில் அந்தப் பகுதிக்குத் தனியாக நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுங்கள். பாமினித் தாளில் இதற்கு நேர்மாறு. அது ஆங்கிலப் பக்கத்து எழுத்துரு. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்து வந்த கோப்பு வேறு எழுத்துருவில் திறக்கும்போது வரி இடைவெளி மாறி, இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழியும். அச்சுக்குப் போவதை எப்போதும் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ எழுத்துருவைப் போட்டால் ஆங்கிலப் பகுதி அதே அகலத்தில் நிற்கும்.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பார்கள். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தில் வரும் பைதான் மின்ட்டில் முதலே இருக்கிறது. தொன்னி என்ற எளிய எழுதுகளத்தைச் சேர்த்தால் போதும். பாஸ்கல் எழுதிப் பார்க்க ஃப்ரீ பாஸ்கல். விரிதாளில் சம், அவரேஜ், இஃப், விலுக்அப் எல்லாம் லிபரே ஒஃபிஸின் கல்க்கிலும் எக்ஸெலிலும் ஒரே எழுத்து, ஒரே அடைப்புக்குறி. மெனுவின் இடம்தான் மாறும். இரண்டு இடத்திலும் தேடிப் பழகிய பிள்ளை மூன்றாவது மென்பொருளைக் கண்டாலும் மிரளாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகொம்ப்ரி, டக்ஸ் பெயின்ட்.

லினக்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஃபோட்டோஷொப், கோரல்ட்ரோ, ஓட்டோகேட் அதில் ஓடாது. அவற்றைத் தொழிலுக்காகப் படிப்பிக்கும் நிலையத்துக்கு விண்டோஸ் வேண்டும். மேலிடத்திலிருந்து வரும் எக்ஸெல் படிவங்களில் மக்ரோ (உள்ளே பொதிந்த சிறு நிரல்) இருந்தால் கல்க்கில் சரியாக வேலை செய்யாமற் போகலாம். அச்சுப்பொறியிலும் கவனம் தேவை. எச்.பி. லேசர்களில் பெரும்பாலானவையும் எப்சன் எல் வரிசையும் சிக்கலில்லை. எங்கும் காணும் கெனன் எல்.பி.பி. 2900க்குத் தனி ட்ரைவர் வேண்டும், அது அடிக்கடி முரண்டு பிடிக்கும். ஆகவே இருபது பெட்டி உள்ள பாடசாலையில் பதினெட்டுக்கு மின்ட்டும், அலுவலகத்துக்கும் அச்சுக்கும் முறையான உரிமத்தோடு இரண்டு விண்டோஸ் 11 கணினியும் என்பது எங்கள் கணக்கு. புதிதாக வாங்கும் காசை அந்த இரண்டுக்கும் செலவழியுங்கள்.

கரண்ட் விசயத்தில் இயங்குதளம் எதுவானாலும் ஒன்றுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லினக்ஸின் கோப்பு முறைமை பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். சில வேளை கறுப்புத் திரையில் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று நின்றுவிடும். அப்போது எஃப்.எஸ்.சி.கே. கட்டளையை அந்த வட்டுப் பகுதியின் பெயரோடு கொடுத்தால் திருத்தி எழுப்பலாம். யூ.பி.எஸ். வாங்கினால் அதன் 12 வோல்ட், 7 அம்பியர் மணிப் பற்றரிக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காசு ஒதுக்குங்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும், சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழ் அதைத் தப்ப வழியில்லை. லேசர் அச்சுப்பொறியை யூ.பி.எஸ்.ஸில் செருக வேண்டாம். அச்சுப்பொறியின் சூடாக்கி இழுக்கும் மின்னை யூ.பி.எஸ். தாங்காது. இடி மின்னல் காலத்தில் கரண்ட் வயரோடு ரூட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். பலர் முதலாவதை மட்டும் கழற்றுவார்கள்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து பழைய கணினி அனுப்பும் உறவுகளுக்கு. கனடாவிலிருந்து வரும் சில மேசைக் கணினிகளின் பின்பக்கம் ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கும், 115 என்று நிற்கும். அதை 230க்குத் தள்ளாமல் இங்கே செருகினால் "டப்" என்ற ஒரு சத்தத்தோடு மின்வழங்கி போய்விடும். பெட்டியில் ஏற்ற முன் அங்கேயே தள்ளி, மேலே ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். மடிக்கணினி அடப்டர்களில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை. பாரிஸிலிருந்து வரும் விசைப்பலகையில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும், சூரிச்சிலிருந்து வருவதில் வையும் இசட்டும். பெட்டியை அனுப்புங்கள், விசைப்பலகையை இங்கே வாங்கலாம். நிறுவனங்கள் கழித்த கணினியில் பயோஸ் கடவுச்சொல் இருந்தால் எங்களால் எழும்புவதற்கான பென்ட்ரைவைக்கூடத் தெரிவுசெய்ய முடியாமற் போகலாம். பாடசாலைகள் கழித்த குரோம்புக்கை அந்தப் பாடசாலையின் நிர்வாகி தன் பட்டியலிலிருந்து விடுவிக்காவிட்டால் இங்கே அது வெறும் பலகை. ஐபேடும் மக்புக்கும் பழைய சொந்தக்காரரின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். வீங்கிய பற்றரி உள்ள மடிக்கணினியை அனுப்பவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் "எத்தனை கணினி வேண்டும்" என்று அதிபரிடம் கேட்பதற்குப் பதில் ஐந்து விவரம் கேளுங்கள்: இருக்கும் பெட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றின் செயலி எந்தத் தலைமுறை, ராம் எவ்வளவு, வட்டு சுழல்வதா எஸ்.எஸ்.டி.யா, கடைசியாகத் தூசி தட்டியது எப்போது. இது ஒரு ஆசிரியரும் இரண்டு மாணவரும் ஒரு காலைக்குள் எடுத்துவிடக்கூடிய கணக்கு. அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்த பிறகு காசைப் பிரித்து ஒதுக்குங்கள். முதலில் எஸ்.எஸ்.டி., பிறகு ராம், பிறகு சி.ஆர். 2032 பற்றரிகள், ஒரு தூசி ஊதி. அதன்பின் தவணைக்கு ஒருமுறை வந்து பார்ப்பவருக்கான கூலியை மூன்று வருடத்துக்கு எழுதி வையுங்கள். திறப்பு விழாவுக்கும் பெயர்ப் பலகைக்கும் ஒதுக்கிய தொகையை அந்தக் கூலிக்கு மாற்ற முடியுமானால், பெரும்பாலும் அதுவே போதும்.

இப்படிக்கு,
வன்னிப் பாடசாலைகளின் கணினிகளைத் திருத்துவோர்